அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும்?

விளம்பரச் சொற்களை நம்பாமல் வாசிப்பது என் தொழிலோடு வந்த பழக்கம். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது சோப்பு, பால்மாவு, இருமல் மருந்துப் பெட்டிகளை மேசைமேல் பரப்பி, 'இந்தச் சொல் யாரைப் பயமுறுத்துகிறது, யாருக்கு ஆறுதல் சொல்கிறது?' என்று கேட்டுக் கேட்டு எங்களை வறுத்தெடுப்பார்கள். இப்போது வானொலியில் நாள்தோறும் முப்பது விநாடி விளம்பரங்களை நானே வாசிக்கிறேன். சொல்லின் விலை தெரிந்தவர்கள்தானே நாங்கள்!

அந்தப் பழக்கத்தோடு அண்மையில் சில பெட்டிகளைப் பார்த்தேன். சோப்பும் இல்லை, பால்மாவும் இல்லை. அமெரிக்கக் கடைகளில் விற்கும் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள். பயிற்சிக்கான தோட்டா ஒரு பெட்டிக்கு ஐம்பது. 'தற்காப்புத் தோட்டா' என்று எழுதியிருந்தால் அதே விலைக்கோ இன்னும் கூடவோ இருபதுதான். அந்தப் பெட்டிகளின் பெயர்களைக் கேளுங்கள்: 'கோல்டு டாட்', 'சில்வர்டிப்', 'ஹைட்ரா-ஷோக்', 'கிரிட்டிக்கல் டிஃபென்ஸ்'. தங்கம், வெள்ளி, அதிர்ச்சி, ஆபத்து வேளை. 1990களின் தொடக்கத்தில் 'பிளாக் டேலன்' என்று ஒன்று இருந்தது. கருப்பு நகம் என்று பொருள். பெயரும் கருப்புப் பூச்சும் சேர்ந்து கிளப்பிய எதிர்ப்பில், 1993இல் அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுவனம் நிறுத்திவிட்டது.

'துப்பாக்கியைக் கண்ணாலும் பார்க்காத நமக்கு இது எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் இது தேவைப்பட்டிருக்காது, ஹூஸ்டனிலிருந்து அக்கா அழைக்காமல் இருந்திருந்தால்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். கல்யாணமாகி டெக்சஸ் போனவர். அத்தானும் அவருமாக ஒரு சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, அன்றைய பணத்தோடு இருட்டில் காருக்கு நடக்க வேண்டும். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை இல்லாத 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று அத்தானும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"துப்பாக்கி வாங்கியாச்சு. தோட்டாதான் எதுன்னு தெரியல. கடைக்காரர் ஆறு பெட்டி எடுத்து வச்சாரு. ஆறும் நல்லதுங்கிறாரு. உனக்குத்தான் இதெல்லாம் தேடிப் படிக்கத் தெரியுமே, பார்த்துச் சொல்லேன்" என்றார் அக்கா.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதத்தை இருவரும் ஒரு மணி நேரம் செய்தோம். அதில் யாரும் ஜெயிக்கவில்லை. சரி, வாங்கியாகிவிட்டது, எதைப் போடுவது என்பதையாவது சரியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ஒரே ஒரு கேள்வி மனத்தில் நின்றது. சுட்டால் அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும்? தோட்டா பற்றிய நூற்றாண்டுச் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

பையில் அடங்கும் துப்பாக்கி

அக்காவிடம் இருப்பது .380 ரகம். ஜான் பிரவுனிங் என்ற புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கி, கோல்ட் நிறுவனம் 1908இல் அறிமுகப்படுத்திய தோட்டா அது. போலீசார் வைத்திருக்கும் 9 மி.மீ. குண்டும் இதுவும் ஏறக்குறைய ஒரே பருமன்தான். ஆனால் தோட்டாவின் உடல் குட்டை, உள்ளே இருக்கும் வெடிமருந்தும் குறைவு. எனவே குண்டு புறப்படும் வேகமும் குறைவு. அதன் ஆற்றல் 9 மி.மீ.யில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதைச் சுடும் பாக்கெட் துப்பாக்கிகள் 2000களில்தான் அமெரிக்காவில் பெருகின. 2008இல் வந்த ரூகர் எல்சிபியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா இல்லாமல் எடை ஏறத்தாழ 270 கிராம். குழலின் நீளம் ஏழு செ.மீ. நம் கைத்தொலைபேசியைவிடச் சற்றே கனம். கைப்பையிலும் கால்சட்டைப் பையிலும் இருப்பதே தெரியாது. அதற்காகத்தானே வாங்குகிறார்கள்!

ஆனால் குழல் குட்டையானால் குண்டு இன்னும் வேகம் இழக்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் இதைவிட நீண்ட குழலில் அளந்தது. அதைப் பார்த்துவிட்டு, 'என் கையில் இருப்பதும் இவ்வளவு வேகம் போகும்' என்று நம்பக் கூடாது. முதல் பாடம் இதுதான்.

இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்பு

1986 ஏப்ரல் 11. மயாமி அருகே இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எட்டு எஃப்பிஐ அதிகாரிகள் மடக்கினார்கள். சண்டை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் இறந்தார்கள்.

பிறகு உடற்கூறு ஆய்வில் ஒரு செய்தி வெளிவந்தது. சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு குண்டு கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். அந்தக் குண்டு விரிவதற்காகவே செய்யப்பட்டது, செய்தபடியே விரிந்தது. ஆனால் ஆழம் போதவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எஃப்பிஐ 1987இல் மருத்துவர்களையும் வல்லுநர்களையும் கூட்டிப் பேசியது. குண்டின் அளவையும் வேகத்தையும்விட, அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முதல் கேள்வி என்ற முடிவுக்கு வந்தது. குறைந்தது 12 அங்குலம், அதிகம் 18 அங்குலம்; அதாவது ஏறத்தாழ 30 முதல் 46 செ.மீ. மனித நெஞ்சு அவ்வளவு ஆழம் இல்லையே என்று தோன்றும். எதிரே நிற்பவர் நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. கை குறுக்கே வரும், பக்கவாட்டில் திரும்பியிருப்பார். மயாமியில் நடந்தது அதுதான்.

1989இல் எஃப்பிஐ வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கைத்துப்பாக்கிக் குண்டு பட்டதும் ஆள் பறந்து விழுவது சினிமாவில்தான். மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்படாவிட்டால், இதயமே செயலிழந்தாலும் ஒருவரால் பத்துப் பதினைந்து விநாடிகள் இயங்க முடியும். 'ஸ்டாப்பிங் பவர்' என்று பெட்டிகளும் விளம்பரங்களும் சொல்லிக்கொள்வதை இந்த அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது முப்பது விநாடி விளம்பர வசனம் என்று புரியும்.

அகார்-அகார் பரீட்சை

ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்? தீபாவளிக்கு நம் வீட்டில் அகார்-அகார் ஊற்றி வைப்போமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது கடல்பாசி. அவர்களுடையது விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின் கலந்து, பெரிய கட்டியாக உறைய வைத்து, 4 பாகை செல்சியசில் குளிர்பதனத்தில் வைக்கிறார்கள். தசைக்குள் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் இதற்குள்ளும் போகும். இந்த முறையைச் செம்மைப்படுத்தியவர் மார்ட்டின் ஃபேக்லர் என்ற அமெரிக்க இராணுவ அறுவை மருத்துவர். எஃப்பிஐ அந்தக் கட்டியை வெறுமையாகவும் சுடும், முன்னால் கனத்த துணி, ஒட்டுப்பலகை, சுவர்ப்பலகை, தகரம், கார்க் கண்ணாடி வைத்தும் சுடும்.

இங்கேதான் சின்னத் துப்பாக்கியின் சங்கடம் வெளிவருகிறது.

தோட்டாக்களில் இரண்டு பெரிய வகை. ஒன்று, உருண்டைமுனை. ஈயத்தைச் செம்புக் கவசம் முழுக்க மூடியிருக்கும். அது விரியாமல் நேரே போகும். மற்றொன்று, குழிமுனை. முனையில் ஒரு பள்ளம் இருக்கும். ஈரமான திசுவுக்குள் புகும்போது அந்தப் பள்ளத்தில் அழுத்தம் ஏறி, குண்டு பூப்போல விரியும். விரிந்தால் காயம் அகலமாகும், குண்டும் சீக்கிரம் நிற்கும்.

விரிவதற்கு வேகம் வேண்டும். விரிந்த பிறகும் ஆழம் போக ஆற்றல் வேண்டும். 9 மி.மீ.க்கு இரண்டும் கைவசம் இருக்கிறது. .380க்குச் சட்டியில் இருக்கும் சோறே கொஞ்சம். இரண்டு பேருக்குப் பங்கு போட வேண்டும். அதன் குழிமுனை நன்றாக விரிந்தால் பல நேரம் 12 அங்குலத்தை எட்டாது. முனைப் பள்ளத்தில் துணி அடைத்துக்கொண்டால் விரியவே விரியாது. உருண்டைமுனைபோல 18 அங்குலத்தையும் தாண்டிவிடும். நடுவில் வந்து நிற்கும் தயாரிப்புகள் சில உண்டு. துணி அடைப்பதைத் தடுக்கப் பள்ளத்தில் மென்மையான பிளாஸ்டிக் முனை பொருத்திய வகையும் உண்டு. ஆனால் எந்தப் பெட்டியும் இயற்பியலை மாற்றிவிடாது.

.380க்குக் கீழே போனால் சிக்கல் கூடுகிறது. .32, .25 ரகங்களில் விரிவுக்குச் செலவழிக்க ஆற்றல் மிச்சமில்லை. அதனால் அனுபவசாலிகள் பலர் அவற்றில் விரியாத குண்டையே போடுகிறார்கள். .22 இன்னும் சின்னது. அதில் பொறி பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடிப்பகுதி விளிம்பில் இருக்கிறது. சில நேரம் பற்றாமல் போய்விடும். நடுவில் பற்றவைக்கும் .25ஐ பிரவுனிங் உருவாக்கியதற்கு அந்த நம்பகமின்மையும் ஒரு காரணம்.

போரில் தடை, வீட்டில் பரிந்துரை

படித்துக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்தியது ஒரு பழைய ஊர்ப்பெயர். கொல்கத்தாவுக்கு விமானத்தில் போனவர்களுக்குத் தெரியும், இறங்கும் இடம் டம்டம். அங்கே பிரிட்டிஷாரின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1890களில் முனைக் கவசத்தை அகற்றி விரிவடையும் குண்டு அங்கே செய்யப்பட்டதால்தான் 'டம்டம் தோட்டா' என்ற பெயரே வந்தது. காலனி நாட்டு மக்கள்மேல் பயன்படுத்தச் செய்த குண்டு அது. கொடூரமானது என்று உலகம் கண்டித்தது. 1899 ஜூலையில் ஹேக் மாநாட்டில், போரில் விரிவடையும் குண்டு கூடாது என்று பிரகடனம் வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் அன்று அதில் கையெழுத்திடவில்லை.

போரில் கூடாது என்ற அதே வகைக் குண்டை இன்று அமெரிக்கப் போலீசார் வைத்திருக்கிறார்கள், பொதுமக்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். இது என்ன நியாயம்? அவர்கள் சொல்லும் காரணம் நம் தலைப்புக் கேள்விதான். போர்க்களத்தில் எதிரிக்குப் பின்னால் எதிரி நிற்பான். தெருவில் திருடனுக்குப் பின்னால் பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டி நிற்பார். விரியும் குண்டு ஆளுக்குள்ளேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். விரியாதது வெளியே வந்து அடுத்தவரைத் தேடும். காரணம் சரிதான். ஆனாலும் எல்லா மாநிலமும் இதை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. நியூ ஜெர்சியில் பொது இடத்தில் குழிமுனைத் தோட்டாவோடு நடமாடக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

அக்காவுக்குச் சொன்னது

அக்கா மறுபடி அழைத்தபோது கேட்டது ஒன்றுதான். "அப்போ எந்தப் பெட்டிதான் நல்லது?"

"அக்கா, பதில் பெட்டியில இல்ல. உங்க துப்பாக்கி எதை முகம் சுளிக்காம சாப்பிடுதோ அதுதான் உங்க தோட்டா" என்றேன்.

உண்மை அதுதான். சின்னத் துப்பாக்கிகளின் உள்பாகங்கள் சிறியவை, நெருக்கமானவை. ஒரு வகைத் தோட்டாவை ஒழுங்காக ஏற்றும், இன்னொன்றின் அகன்ற முனை பட்டுச் சிக்கிக்கொள்ளும். எனவே தேர்ந்தெடுத்த தோட்டாவையே, அதே துப்பாக்கியில், சுடும் பயிற்சிக் கூடத்தில் சில பெட்டிகளாவது சுட்டுப் பார்க்க வேண்டும். சிக்கினால் அந்த வகை வேண்டாம். அக்கா செய்து பார்த்தார். முதல் வகை இரண்டு முறை சிக்கியது, மாற்றிவிட்டார்.

இரண்டாவது, விரிவைவிட ஆழத்தைப் பாருங்கள் என்றேன். குட்டைக் குழலில், துணி வைத்துச் சோதித்த முடிவு உள்ளதை எடுங்கள். எடையற்ற துப்பாக்கி கையை உதைக்கும். குறி பார்க்கும் முனையும் சின்னது. எனவே வாங்கிய நாளோடு பயிற்சி முடிவதில்லை. தோட்டாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த ஐம்பதுப் பெட்டிக்கே போக வேண்டும்.

மூன்றாவது, ஒரே தோட்டாவை எடுத்து எடுத்து மறுபடி குழலில் ஏற்றினால் குண்டு கூட்டுக்குள் அமிழ்ந்துவிடும். சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிட வேண்டும். துப்பாக்கி இருக்கும் பையில் சாவி, சில்லறை, டிஷ்யூ எதுவும் கூடாது. விசையை மூடும் உறை கட்டாயம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்க வீட்டுச் சுவர் எதால ஆனது?"

அமெரிக்க வீட்டு உள்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. நம் தாமான் வீட்டுச் செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். குழிமுனைக் குண்டுகூட அந்தப் பலகையில் பட்டால் பள்ளத்தில் சுண்ணம் அடைத்து, விரியாமல் அடுத்த அறைக்கும் அதற்கு அடுத்த அறைக்கும் போய்விடும். ஒரு மனிதருக்குள் 12 அங்குலம் போகக்கூடிய எதுவும் அந்தச் சுவருக்குள் நிற்காது. சுவரைக் காக்கும் தோட்டா என்று ஒன்று கடையில் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடுத்த வீட்டுல கைக்குழந்தை இருக்கும்மா. தொட்டில் அந்தச் சுவர் பக்கம்தான்" என்றார்.

அடுத்த வீட்டுக் குழந்தை மட்டுமா? அவர் வீட்டிலேயே பதினைந்து வயது மகன் இருக்கிறான். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்! தெருவில் வரும் திருடனைப் பற்றிப் பெட்டிகள் ஆயிரம் பேசும். ஆனால் வீட்டுக்குள் ஒரு கெட்ட பொழுதில், மனம் உடைந்த ஒருவர் கைக்கு அது எட்டினால் என்ன ஆகும் என்பதை எந்தப் பெட்டியும் முகப்பில் அச்சடிப்பதில்லை.

அன்று மாலையே அக்கா ஒரு இரும்புப் பூட்டுப்பெட்டி வாங்கினார். அதன் விலை தோட்டாப் பெட்டிகள் பலவற்றைவிட அதிகம் என்று அத்தான் முணுமுணுத்தாராம். கடையையும் இப்போது ஒன்பது மணிக்கே, இரண்டு பேரும் சேர்ந்து சாத்துகிறார்கள். பணத்தைப் பகலிலேயே வங்கியில் போட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி இன்னும் இருக்கிறது. ஆனால் அது தேவைப்படக்கூடிய அந்த இருட்டு நடை குறைந்திருக்கிறது. நான் படித்த எந்தத் தோட்டாவும் அவருக்கு இவ்வளவு பாதுகாப்புத் தந்திருக்காது.

நம் ஊரில்

நம் நாட்டில் இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் கேட்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அமெரிக்காவில் உறவினர் வீட்டுக்குப் போய், ஆசைக்குச் சுடும் கூடத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு, 'ஞாபகத்துக்கு ஒன்று' என்று தோட்டாவைப் பையில் போட்டுக்கொள்பவர்கள் கவனிக்கவும். அங்கே அது கடைச் சரக்கு. கேஎல்ஐஏவில் அது வழக்கு. திரும்புமுன் பையின் எல்லா அறைகளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.

துப்பாக்கி இல்லாத நாட்டிலும் அச்சத்தை விற்கும் பெட்டிகள் இருக்கின்றன. பூட்டு, கேமரா, காப்புறுதி, மிளகுத்தூள் தெளிப்பான் என்று ஏதேதோ வடிவில் நம்மிடம் வரும். வாங்குவதில் தவறில்லை. பெட்டியின் முகப்பில் இருப்பது அவர்கள் சொல்ல விரும்பியது. நமக்குத் தெரிய வேண்டியது, அதைப் பயன்படுத்தும் நாளில் அது எங்கே போய் நிற்கும், யார்மேல் போய் நிற்கும் என்பது. அதைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.